தோளுக்கு ஒத்த ஆள்

உங்கள் குடையில் ஒரு கம்பி மடங்கியிருக்கிறது. இப்படிக் கொடுங்கள். கூச்சப்படாதீர்கள் சார், சுங்கத்துக்காரர்கள் மூட்டை மூட்டையாக அவிழ்த்துப் பார்த்து வண்டி கிளம்புவதற்கு முக்கால் மணி ஆகும். புதுச்சேரியில் என்ன வாங்கினீர்கள்? சரி, சொல்ல வேண்டாம். நான் கேட்கவே இல்லை.

இந்த எல்லையைப் பாருங்கள். அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், இந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன், நடுவே ஒரு பனைமரமும் இரண்டு ஆடும். ஆடுகள் மட்டும்தான் மூட்டையை அவிழ்த்துக் காட்டாமல் போய் வருகின்றன.

குடை வேலை எனக்கு எப்படி வந்தது என்கிறீர்களா? நான் குடைக்காரன் இல்லை சார். போலீஸ். இப்போது பென்ஷன். அதிலும் ரகசியப் போலீஸ். கோதண்டபாணி என்று பெயர். ஆனால் புதுச்சேரியில் என்னைப் பொன்னுரங்கம் என்றுதான் தெரியும். குடைக்காரப் பொன்னுரங்கம். நாலரை வருஷம் ஒரே வீட்டுக்கு எதிரே ஒரே பூவரச மரத்தடியில் உட்கார்ந்து குடை தைத்தேன். ஒரு ஈ காக்கைக்குக்கூட நான் போலீஸ் என்று தெரியாது. அதுதான் சார் என் வேலையின் சிறப்பு.

அந்த வீட்டில் இருந்தவர் தீத்தாரப்ப பிள்ளை. திருநெல்வேலிக்காரர். அங்கே ஒரு பத்திரிகை நடத்தி, சர்க்கார் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி எழுதி, வாரண்டு வந்ததும் ஓடிவந்து பிரெஞ்சு எல்லைக்குள் உட்கார்ந்துகொண்டார். அங்கே இருக்கிற வரையில் தொட முடியாது. எல்லையைத் தாண்டி ஒரு அடி வைத்தால் போதும், அள்ளிக்கொண்டு போய் அந்தமானுக்கு அனுப்பிவிடலாம். அந்த ஒரு அடிக்காகத்தான் நான். அவரை எல்லையில் பிடித்துக் கொடுத்தால் சப்-இன்ஸ்பெக்டர் வேலை நிச்சயம் என்று எங்கள் இன்ஸ்பெக்டர் சேஷகிரி ராவ் சொல்லியிருந்தார்.

என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். வேவு பார்க்க இவ்வளவு நெட்டையனை அனுப்புவார்களா என்று சிரிக்கிறீர்கள். காரணம் இருந்தது. தீத்தாரப்ப பிள்ளையும் அதே உயரம். எனக்கு முன்னால் அனுப்பிய இரண்டு கான்ஸ்டபிள்களும் குட்டை. அவர் சாயங்காலம் கடற்கரைக்கு நடக்கப் போனால் இவர்கள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஒருவன் மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். இன்னொருவன் திருப்பத்தில் ஆளைத் தவறவிட்டு, யாரோ ஒரு பாதிரியாரைப் பின்தொடர்ந்து போய், ஜெபக்கூட்டத்தில் ஒரு மணி நேரம் மண்டி போட்டுவிட்டு வந்தான். ராவ் யோசித்தார். “நெட்டையனுக்கு நெட்டையன்தான்யா சரி. அவன் ஒரு எட்டு வெச்சா நீயும் ஒரு எட்டு வெக்கணும்” என்று என்னை அனுப்பினார்.

அப்படித்தான் நடந்தேன் சார். முப்பது அடி பின்னால், அவர் எட்டுக்கு என் எட்டு. மழையே பெய்யாத மாதங்களில் குடைக்காரன் எப்படிப் பிழைக்கிறான் என்று ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. அப்பாவி ஜனங்கள். பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் தினமும் காலையில் என்னைத் தாண்டும்போது விறைப்பாக சல்யூட் வைப்பான். ஒரு குடைக்காரனுக்குக்கூட மரியாதை. அந்த ராஜாங்கத்தின் பண்பாடே தனி.

தீத்தாரப்ப பிள்ளையும் நல்ல மனிதர்தான். ஒருநாள் கடற்கரை போகிற வழியில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. போச்சு, ஆள் கையைவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால், அவர் திருப்பத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஊசியை எடுத்து வாரைத் தைத்து, நூலைக் கடித்து, செருப்பை மாட்டிக்கொள்கிற வரையில் பார்த்தார். பிறகு நடந்தார். அதிர்ஷ்டம் என்றால் அது.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. முதுகையே பார்த்துக்கொண்டு.

டில்லியில் ராஜா முடிசூட்டிக்கொண்டு போனதற்கு அடுத்த மாசி. மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் புதுச்சேரிக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். பிரெஞ்சுச் சாமியும் வரும், இங்கிலீஷ்ச் சாமியும் வரும். சாமியின் மூட்டையை யார் அவிழ்த்துப் பார்ப்பது? எங்கள் எல்லையில் இருந்து மணலேரிப் பெருமாள் வருவார். அவரைத் தூக்குகிற ஆட்களுக்குத் தலைவன் அரிபுத்திரன். மகத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவன் என் மரத்தடிக்கு வந்து, என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“ஏன் குடைக்காரரே, கொஞ்சம் எழுந்து நில்லும்.”

நின்றேன்.

“அப்பாடா! பெருமாளே அனுப்பி வெச்சாரு. ஒரு நெட்டையன் வேண்டுதல்னு வந்து சேந்திருக்கான், நானும் தூக்குறேன்னு நிக்கிறான். அவனுக்குச் சோடி கிடைக்கல. குட்டையனோட போட்டா பெருமாளு ஒருக்களிச்சுப் படுத்துடுவாரு. நீர் வாரும்.”

உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டாலும் சொல்கிறேன். பெருமாளை ஏளப்பண்ணித் தூக்கிப்போகிற பலகைக்கு இரண்டு பக்கமும் இரண்டு தண்டு. இந்தத் தண்டில் நிற்கிறவனும் அந்தத் தண்டில் நிற்கிறவனும் தோளுக்குத் தோள் ஒத்திருக்க வேண்டும். ஒரு விரற்கடை கூடக் குறைய இருந்தால், நெட்டையன் தோளில் மொத்த பாரமும் இறங்கிவிடும், குட்டையன் சும்மா கையை ஆட்டிக்கொண்டு வருவான். அதனால் சோடி பார்த்துத்தான் நிறுத்துவார்கள். புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் ஆறடி இரண்டு அங்குலத்துக்கு நான் ஒருவன்தான். நானும் தீத்தாரப்ப பிள்ளையும். அவரோ சைவர். கடற்கரையைத் தவிர வேறெங்கும் போகாதவர். ஆகவே நான்தான்.

இன்ஸ்பெக்டர் ராவிடம் அனுமதி கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “பேஷா தூக்கு. கூட்டத்துக்குள்ளே நம்ம ஆள் ஒருத்தன் இருக்கிறது நல்லதுதான். ஆனா எல்லையிலே உன்னையே பிடிச்சு வெச்சுடுவானுங்க” என்றார். உண்மை. சாவடிக் கான்ஸ்டபிள்களுக்கு உத்தரவே, நெட்டையாக எவன் வந்தாலும் நிறுத்து என்பதுதான். என்னையே இரண்டு தடவை பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். “சாமி தூக்குற நெட்டையன் நம்ம ஆள், தொடாதேன்னு சொல்லி வெக்கிறேன். ஆளைக் கண்டா மட்டும் வழக்கமான சைகை” என்றார். சைகை என்னவென்றால், சிவப்புத் துண்டால் முகத்தைத் துடைப்பது. அதற்காகவே தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு.

மகத்தன்று பெருமாள் கடலாடி முடித்தார். திரும்புகால். என்னை இடது தண்டில் நிறுத்தினார்கள். வலது தண்டில் அந்த வேண்டுதல்காரன். மொட்டைத் தலை, மழித்த முகம், நெற்றி நிறைய நாமம், உடம்பெல்லாம் நாமம். மௌன விரதமாம், வாயே திறக்கவில்லை. எங்களுக்கு நடுவில் பெருமாளின் மாலை வேறு மறைத்தது. நான் சரியாகப் பார்க்கவில்லை. அரிபுத்திரன் வந்தான். என் சிவப்புத் துண்டை எடுத்தான். மடித்தான். தோளில் சும்மாடாக வைத்தான். அதன்மேல் தண்டை இறக்கினான். “கோவிந்தா!” என்றான். கிளம்பிவிட்டோம்.

அந்த நடையை நான் எப்படிச் சொல்வேன்! சாமி தூக்குவதில் பாரம் பெரிதில்லை, அடிதான் பெரிது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு பேரும் நாலு விதமாக வைத்தால் பெருமாள் தடுமாறுவார், தோள் கன்றிவிடும். புதிதாகத் தூக்குகிறவன் பழகுவதற்கு மூன்று மகம் ஆகும் என்பார்கள். எனக்கும் அந்த மொட்டைக்கும் முதல் எட்டிலேயே சேர்ந்துவிட்டது சார். வழவழவென்று போகிறது. பெருமாள் தண்ணீரில் மிதக்கிற மாதிரி வருகிறார். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அரிபுத்திரன் பின்பக்கமாகவே நடந்து எங்களைப் பார்த்து, “யோவ், பத்து வருசம் சேந்து தூக்கினவங்க மாதிரி இல்ல நடக்கிறீங்க!” என்று கத்துகிறான். எனக்குத் தலை கிறுகிறுத்தது. நாகஸ்வரம் வேறு காதுக்குள் புகுந்துகொண்டு ஆட்டுகிறது. என் முப்பத்தொன்பது வயதில் நான் எதையாவது நன்றாகச் செய்கிறேன் என்று எவனும் அதுவரை கத்தியதில்லை.

தென்னந்தோப்பு தாண்டியதும் ஒரு வேடிக்கை நடந்தது. தீத்தாரப்ப பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு. கொஞ்ச தூரம் நடப்பார், எதையோ மறந்துவிட்டவர் மாதிரி ஒரு கணம் நிற்பார், பிறகு வலது காலை லேசாகத் தேய்த்து மறுபடி கிளம்புவார். இரண்டு வருஷம் பின்னால் நடந்ததில் எனக்கும் அது வந்துவிட்டது. அந்தத் தோப்பு முனையில் என் கால் தானாக நின்றது. சே, சாமியைத் தூக்கிக்கொண்டு இப்படிச் செய்துவிட்டோமே என்று பதறினேன். பார்த்தால், மொட்டையின் காலும் நின்றிருக்கிறது. பெருமாளும் நின்றிருக்கிறார். அவர் வலது காலைத் தேய்த்தார். நானும் தேய்த்தேன். கிளம்பினோம்.

அப்போதுதான் தெரிந்தது.

எல்லைக்கு இன்னும் முந்நூறு அடி. சாவடி வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு ராவ் உட்கார்ந்திருக்கிறார். சைகை கொடுக்க வேண்டும். துண்டு எங்கே? துண்டு தண்டுக்கு அடியில். அதை உருவ வேண்டுமானால் பெருமாளைத் தூக்க வேண்டும். பெருமாளைத் தூக்க வேண்டுமானால் எதிர்த் தோள் ஒத்துழைக்க வேண்டும். எதிர்த் தோள் யார்? அவர்தான்!

கத்தியிருக்கலாமே என்கிறீர்கள். கத்தினால் என்ன ஆகும்? கான்ஸ்டபிள்கள் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுப்பார்கள். அவர் தோள் விலகினால் பெருமாள் மண்ணில் சாய்வார். மணலேரி மண்டபம் வரை பெருமாள் தரையில் படக்கூடாது. இதுதான் காரணம். இதுவே போதுமான காரணம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை, கோவிந்தா கோவிந்தா என்று நன்றாகவே கத்திக்கொண்டிருந்தது. அதே வாய்தானே, வேறொன்றையும் கத்தியிருக்கலாம். இதை நான் என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன் சார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது. இரண்டு வருஷம் பின்னால் நடந்தவன், அன்றைக்குத்தான் பக்கத்தில் நடந்தேன். அது ஒரு பதிலா? ஆகாது. கோர்ட்டில் நிற்காது. விடுங்கள்.

சாவடியைத் தாண்டினோம். ஒரு கான்ஸ்டபிள் என்னைக் காட்டி, “இந்த நெட்டையன்தான் நம்ம ஆளு” என்றான். இன்னொருவன் அவரைக் காட்டி, “இல்லடா, அதோ அவருதான்” என்றான். இரண்டு பேரும் அவரவர் நெட்டையனுக்கு வழி விட்டார்கள். ராவ் எழுந்து பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்து சபாஷ் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். நானும் பல்லைக் காட்டினேன். வேறு என்ன செய்வது?

மணலேரி மண்டபத்தில் பெருமாளை இறக்கியதும் பிடித்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டேன். இறக்கினோம். அவர் விழுந்து கும்பிட்டார். எழுந்து என்னிடம் வந்தார். என் தோளில் இருந்த துண்டை எடுத்து, என் முகத்தைத் துடைத்தார். நெற்றி, கன்னம், கழுத்து, நிதானமாக, மூன்று தடவை. துண்டைத் திருப்பி என் தோளில் போட்டுவிட்டு லேசாகச் சிரித்தார். எவ்வளவு பணிவு, பாருங்கள்! அதற்குள் புளியோதரைக்கு வரிசை நிற்கச் சொன்னார்கள். தூக்கினவன் பிரசாதம் வாங்காமல் நகரக்கூடாது. வாங்கித் திரும்பினேன். ஆள் இல்லை.

நேரே ராவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“தொடாதேன்னு உத்தரவு போட்டது யாரு?”

“நீங்க சார்.”

“கூடச் சேர்ந்து தூக்கிட்டு வந்தது யாரு?”

“நான் சார்.”

வேப்பமரத்தடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்போ யாரும் போகல. ஆள் வீட்டிலேதான் இருக்கான். போய் உன் மரத்தடியிலே உட்காரு.”

உட்கார்ந்தேன். ஆள் இல்லாத வீட்டுக்கு எதிரே இரண்டரை வருஷம். தினமும் ரிப்போர்ட் எழுத வேண்டுமே! ‘மேற்படியார் காலை ஆறு மணிக்கு எழுந்தார். பல் துலக்கினார். மாலையில் மாடியில் உலாவினார்.’ ஆரம்பத்தில் இரண்டு வரிக்குமேல் ஓடவில்லை. பிறகு பழகிவிட்டது. பிறகு, உங்களிடம் சொல்வதற்கென்ன, பிடித்துப்போய்விட்டது. ஆள் இருந்தபோது எழுதியதைவிட இல்லாதபோதுதான் நன்றாக எழுதினேன்.

வீட்டில் அவர் சம்சாரம் ஆவுடையம்மாள் மட்டும் இருந்தார்கள். கடுதாசி எதுவும் வராது. வந்தால் நாங்கள் பிரித்துவிடுவோமே. ஒருநாள் மத்தியானம் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டார்கள்.

“குடைக்காரவுகளே, தினமும் என்னத்தையோ எழுதுதியளே, அது என்ன?”

வசமாக மாட்டிக்கொண்டேன். ஆனால் நானும் லேசுப்பட்டவனில்லை. “கதை அம்மா. ஒரு பெரிய மனிதரைப் பற்றி ஒரு தொடர்கதை” என்றேன்.

“கதையா?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். “சரி, இன்னைக்கு உள்ளதை வாசிங்க.”

வாசித்தேன். ‘மேற்படியார் மதியம் நெத்திலிக் குழம்பு சாப்பிட்டார்’ என்று வந்ததும், “ஐயையே! சைவப் பிள்ளைமார் வீட்டுல மீனா? அவுக அந்த வாடைக்கே எந்திரிச்சுப் போயிருவாகளே! அடிங்க அதை. சொதின்னு எழுதுங்க. தேங்காப்பால் சொதி, இஞ்சித் துவையல்” என்றார்கள். கதையில் எவ்வளவு ஒன்றிப்போய்விட்டார்கள், பாருங்கள்! அன்றிலிருந்து தினமும் வாசிப்பது வழக்கமாகிவிட்டது. அவுக இடது பக்கமா ஒருச்சாய்ச்சுத்தான் படுப்பாக, அவுகளுக்கு மாசிப் பனி சேராது, இருமல் வரும், எழுதுங்க என்பார்கள். எழுதுவேன். ரிப்போர்ட் அப்படியே உயிரோடு எழுந்து நடந்தது சார். மெட்ராஸில் இருந்து ராவுக்குப் பாராட்டு வந்ததாம். இவ்வளவு நுணுக்கமான கண்காணிப்பை இந்த டிபார்ட்மென்டிலேயே பார்த்ததில்லை என்று.

எம்டன் கப்பல் மெட்ராஸில் குண்டு போட்ட வருஷம் ஐப்பசியில் ஒருநாள், ராவே மாறுவேஷத்தில் என் மரத்தடிக்கு வந்தார். நல்ல குடை ஒன்றைக் கொண்டுவந்து, ரிப்பேர் பார்க்கிற சாக்கில் அதை விரித்து, இரண்டு தலையையும் உள்ளே விட்டுக்கொண்டு பேசினார்.

“ரங்கூன்லே ஒரு நெட்டையனைப் பிடிச்சானுங்க. தீத்தாரப்பன்னு சந்தேகம். மூணு நாள் லாக்கப். மெட்ராஸுக்குத் தந்தி அடிச்சுக் கேட்டானுங்க.”

என் கையில் இருந்த ஊசி விழுந்துவிட்டது.

“மெட்ராஸிலே உன் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தாங்க. மேற்படியார் புதுச்சேரியில் இருமலோடு படுத்திருக்கிறார், இஞ்சிக் கஷாயம் குடிச்சார்னு இருக்கு. பதில் தந்தி போச்சு. ரங்கூன்காரன் ஆளை விட்டுட்டான், மன்னிப்புக் கேட்டு!”

குடைக்குள்ளேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உனக்கு சப்-இன்ஸ்பெக்டர் உத்தரவு வந்தாகிவிட்டது என்றார். அது யாரோ ரங்கூன் நெட்டையன். நம் ஆள்தான் என்பதற்கு என்ன சாட்சி? ஆனால் என் எழுத்துக்கு இருந்த மதிப்பைப் பாருங்கள் சார். கடல் கடந்து ஒரு மனிதனை நம்ப வைத்திருக்கிறது!

அன்றைக்கும் ஜன்னல் திறந்தது. சந்தோஷத்தில் எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போலீஸ் ரகசியத்தை வெளியில் சொல்லக்கூடாது. ஆனால் கதையில் சேர்த்தால் யார் கேட்பது? சேர்த்து வாசித்தேன். ‘ரங்கூனில் ஒரு நெட்டை மனிதரைப் பிடித்தார்கள். மூன்று நாள் அடைத்து வைத்தார்கள். அவர் புதுச்சேரியில்தான் இருக்கிறார் என்று தந்தி போனதும் விட்டுவிட்டார்கள்.’

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை அசையவில்லை.

“இன்னொரு மட்டம் வாசிங்க.”

வாசித்தேன்.

“இன்னொரு மட்டம்.”

மூன்றாவது தடவை வாசித்ததும், “உடம்புக்கு எப்படி இருக்காகளாம்?” என்றார்கள்.

தந்தியில் அதெல்லாம் ஏது? இளைத்திருக்கிறார், ஆனால் நடை அப்படியேதான் இருக்கிறது என்றேன். கதைதானே.

“அப்புறம்?”

“அப்புறம் கப்பல் ஏறினார்.”

“எந்த ஊருக்கு?”

“அது நாளைக்கு அம்மா” என்றேன்.

அந்த அம்மாள் சிரித்தார்கள் சார். இரண்டரை வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வெகுநேரம் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஒரு கதைக்கு இவ்வளவா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இந்தாருங்கள் குடை. கம்பி நிமிர்ந்துவிட்டது. என்ன கேட்கிறீர்கள்? அந்தக் கப்பல் சமாசாரத்தை டிபார்ட்மென்டுக்கும் அனுப்பினேனா? நன்றாகக் கேட்டீர்கள்! அது அந்த அம்மாளுக்காகக் கட்டின கதை சார். சர்க்காருக்குப் பொய் எழுதுகிறவன் நானில்லை. அன்றைய ரிப்போர்ட் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: ‘மேற்படியார் இன்று முழுவதும் வீட்டிலேயே இருந்தார். இருமல் குறைந்திருக்கிறது. மிளகு ரசம் மட்டும் சாப்பிட்டார்.’